அமெரிக்க ரம்பம், பெங்களூர் பிளக்: டிரான்ஸ்ஃபார்மரா, காயில் சுற்றுவதா, விற்றுவிடுவதா?

அல்சூரில் என் பட்டறைக்கு அவ்வப்போது யாராவது ஒருவர் சூட்கேஸோடு வருவார். அமெரிக்காவில் பத்து வருடம் இருந்துவிட்டு ஒயிட்ஃபீல்டில் வீடு வாங்கித் திரும்பியவர். அங்கே கராஜில் வைத்திருந்த டிரில், ரம்பம், கிரைண்டர் எல்லாம் கூடவே வந்திருக்கும். போன மாதம் வந்த தம்பி மைட்டர் சாவை (மரத்தைக் கோணமாக அறுக்கும் ரம்பம்) மேசைமேல் வைத்து, "அண்ணா, பின்னுக்கு அடாப்டர் வாங்கிப் போட்டேன். பத்து செகண்டு சூப்பரா ஓடுச்சு, அப்புறம் நின்னுடுச்சு" என்றார்.

அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும்; வோல்டேஜ் அப்படியே வரும். அமெரிக்காவின் 120 வோல்ட் மோட்டாருக்கு நம்மூர் 230 போனால் முதலில் வெறி பிடித்தாற்போல் ஓடும். அதுதான் அந்த 'சூப்பர்'. பிரஷ் மூடியைக் கழற்றியதும் வார்னிஷ் கருகிய வாடை. கம்யூட்டேட்டர் (கார்பன் பிரஷ் உரசிக் கரண்ட் கொடுக்கும் செம்பு உருளை) கறுத்து, இரண்டு செம்புப் பட்டைகளுக்கு நடுவே சின்னக் குழி. கிரைண்டராக இருந்திருந்தால் இதைவிட மோசம். நாலரை அங்குல டிஸ்கில் 13,300 ஆர்.பி.எம். வரைதான் என்று அச்சடித்திருக்கும். அதைத் தாண்டினால் டிஸ்க் சிதறி முகத்துக்கு வரும்.

எந்த வழி என்று யோசிக்கும் முன் பார்க்க வேண்டியது, கார்பன் பிரஷ் இருக்கிறதா இல்லையா என்பதை. கை டிரில், கிரைண்டர், மைட்டர் சா போன்ற கம்பி வைத்த கைக்கருவிகள் பெரும்பாலும் பிரஷ் மோட்டார்கள். இவற்றுக்கு நம்மூர் 50 ஹெர்ட்ஸா அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸா என்ற கவலையே இல்லை; வோல்டேஜ் மட்டும் சரியாக இருந்தால் போதும். பிரஷ் இல்லாத கனத்த டேபிள் சா, கம்ப்ரஸர் கதை வேறு.

மலிவு வழிகளை ஒரே மூச்சில் தள்ளிவிடலாம். கைப்பிடி அளவு இருந்துகொண்டு 1600 வாட்ஸ் என்று போட்டிருக்கும் பயணக் கன்வர்ட்டர், ஹேர் டிரையர் மாதிரி சூடேறும் பொருளுக்கு மட்டும். நடுவில் ஒரு டயோடு போட்டால் பாதியாகிவிடும் என்பார்கள். ஆகாது, 163 வோல்ட் வரும். இரண்டு டிரில்லை சீரிஸில் போடுவது பல்புக்குச் சரி. ஒரு டிரில்லை மரத்தில் அழுத்தினால் மற்றது தறிகெட்டுச் சுழலும்.

நிஜமான போட்டி டிரான்ஸ்ஃபார்மருக்கும் மோட்டாரை மாற்றுவதற்கும்தான். பெங்களூர் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் 230-ஐ 120 ஆக இறக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கேட்டால் முதலில் நீட்டுவது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். ஒரே காயில், கனம் குறைவு, விலையும் குறைவு. ஆனால் நியூட்ரல் பக்கச் சுற்று அறுந்தால் 230-ம் நேராகக் கருவிக்குள் போகும். இரண்டு காயில் தனித்தனியாக இருக்கும் ஐசொலேஷன் வகை அந்த வம்பு செய்யாது. கடையிலேயே கண்டுபிடிக்கலாம்: மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை இன்புட் பின்னிலும் மறு முனையை அவுட்புட் ஓட்டையிலும் வையுங்கள். பீப் வந்தால் ஆட்டோ. நான் பீப் வந்த பெட்டியை வாங்க மாட்டேன்.

அளவும் முக்கியம். மைட்டர் சாவின் நேம் பிளேட்டில் 15 ஆம்பியர் என்றால் 1800 வாட்ஸ். ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். அதனால் 3 கே.வி.ஏ. சொல்வேன். அது கிட்டத்தட்ட 25 கிலோ அரிசி மூட்டை கனம். மாடிக்கும் மொட்டை மாடிக்கும் தூக்கித் திரிய முடியாது. சுவரிலிருந்து 8 ஆம்பியர் வரை எடுக்கும், ஆகவே 6 ஆம்பியர் சாக்கெட் ஆகாது, 16 வேண்டும். நீள ஒயரை 230 பக்கமே போடுங்கள், கரண்ட் பாதிதான் ஓடும். ஜப்பான் கருவி என்றால் 100 வோல்ட்; இதே பெட்டியில் கொஞ்சம் அதிகமாகவே அடிவாங்கும், 100 வோல்ட் தரும் தனி டேப் (காயிலின் நடுவிலிருந்து எடுக்கும் இணைப்பு) கேளுங்கள்.

மோட்டாரை மாற்றுவதில் இரண்டு விதம். காயில் சுற்றுபவரிடம் கொடுத்தால் சுற்று இரட்டிப்பு, கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு பாதி. டேபிள் ஃபேனுக்கு இது சாதாரண வேலை. நிமிடத்துக்கு இருபதாயிரம் சுழலும் சின்ன ஆர்மேச்சரில் (மோட்டாரின் சுழலும் பாகம்) பேலன்ஸ் தப்பினால் பேரிங் போய்விடும், அதனால் நான் தயங்குவேன். அதைவிட, அதே மாடல் இந்தியாவில் 230-ல் விற்றால் அதன் ஆர்மேச்சர், அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் ஃபீல்டு காயில், ஸ்விட்ச் மூன்றையும் வாங்கிப் போடுவது நல்லது; பல மாடல்களில் உடம்பு ஒன்றேதான். மூன்றின் விலையையும் கூட்டி, புதுக் கருவி விலையோடு வைத்துப் பாருங்கள். டிரில், கிரைண்டருக்குப் பெரும்பாலும் புதிது வாங்குவதே லாபம்.

பேட்டரி கருவியோ? அதைத்தான் கொண்டுவர வேண்டும். டிவால்ட்டில் அங்கே 20 வோல்ட் மேக்ஸ் என்பதும் இங்கே 18 என்பதும் ஒன்றே: ஐந்து செல், சார்ஜ் முழுதாக இருக்கையில் 20, வேலை நேரத்தில் 18. சார்ஜரை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு இங்கே ஒன்று வாங்கினால் முடிந்தது. 120 மட்டும் போட்ட சார்ஜரை 230-ல் குத்தினால் உள்ளே 200 வோல்ட் கப்பாசிட்டர் 325 வோல்ட்டைப் பார்த்து வெடிக்கும். இப்படி வெடித்த சார்ஜர் என் அலமாரியில் மூன்று இருக்கிறது.

தம்பி பேட்டரி டிரில்லுக்குச் சார்ஜர் வாங்கிக்கொண்டார். மைட்டர் சா இன்னும் என் மேசைக்கடியில், ஆர்மேச்சருக்குக் காத்திருக்கிறது. வீட்டில் பெல்ட் வைத்த டேபிள் சாவும் இருக்கிறதாம், பிரஷ் இல்லாதது. மோட்டாரின் நேம் பிளேட் போட்டோ அனுப்பினார்: 115/230, 60 ஹெர்ட்ஸ் மட்டும். டெர்மினல் பெட்டியில் லிங்க் (இணைப்புத் துண்டு) மாற்றினால் 230 ஏற்கும். ஆனால் 50 ஹெர்ட்ஸில் 1725 ஓடுவது 1430 பக்கம் இறங்கும், மோட்டாரின் இரும்பு கோர் சூடேறும். மோட்டாரைக் கழற்றிவிட்டு அதே ஃபிரேமில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மோட்டார் தேடுங்கள், மோட்டார் பக்கப் புல்லியை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடலாம் என்று பதில் போட்டேன். புல்லி அளவு கேட்டு இன்று காலை மறுபடி மெசேஜ் வந்திருக்கிறது.