பயோடேட்டாவா, ஒரு மணி நேர வேலையா?

ஆள் எடுக்க என் முன்னால் இரண்டு வழி உண்டு: பயோடேட்டாவைப் பார்த்தே வடிகட்டுவது, இல்லையென்றால் அந்த வேலையிலிருந்தே ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்வது, அதாவது மாதிரி வேலை.

பயோடேட்டா வேகமானது. இருநூறு விண்ணப்பம் குவிந்தால் வேறு வழியும் இல்லை, சரி. உரிமம், சான்றிதழ் மாதிரி கட்டாயமானவற்றைச் சரிபார்க்க அது போதும். ஆனால் அதில் தெரிவது பயோடேட்டா எழுதும் திறமை (சில சமயம் எழுதிக் கொடுத்தவரின் திறமை). ஷ்மிட், ஹன்டர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1998-இல் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அனுபவ ஆண்டுகளுக்கும் பிற்பாடு வேலை செய்யும் விதத்துக்கும் இருந்த தொடர்பு 0.18தான், மாதிரி வேலைக்கு 0.54 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). 2022-இல் வந்த மறுகணக்கு அந்த 0.54-ஐ 0.33 ஆக இறக்கியது, அப்போதும் அனுபவ ஆண்டுகள் கிட்டே வரவில்லை.

ஒருமுறை கணக்குப் பிரிவுக்கு ஆள் தேடினோம். தேதிகள் குழம்பிக் கிடந்த ஓர் எக்செல் தாளைக் கொடுத்தேன். பயோடேட்டாவில் ஜொலித்தவர் நேராகக் கூட்டல் போட ஆரம்பித்துவிட்டார்; அரைப் பக்கம்கூட வராத பயோடேட்டா தந்த பெண்தான், "03/04 என்றால் மார்ச்சா, ஏப்ரலா?" என்று முதலில் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே எடுத்தோம்.

மாதிரி வேலையிலும் வில்லங்கம் உண்டு. வீட்டுக்குக் கொடுத்தனுப்பி இரண்டு நாள் இழுத்தால், கைக்குழந்தை வைத்திருப்பவரும் ஏற்கெனவே வேலையில் இருப்பவரும் கழன்றுகொள்வார்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் காசு கொடுங்கள். அப்புறம், எல்லோருக்கும் ஒரே தாள், எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை முன்பே எழுதிவைத்து, திருத்தும்போது பெயரை மறைத்துவிடுங்கள்.