கை வைத்தால் ஆறிவிடாது: ‘டிரீம்ஸ்னேக்’ நாவல்

தொட்டதும் புண்ணை ஆற்றும் வரம் பெற்ற இளைஞர்களின் கதைகளில் ஒரு சிக்கல் உண்டு. எதையும் குணமாக்கலாம் என்றால் யாருக்காகவும் பதற வேண்டியதில்லை. அதனால்தான் பாதிக் கதையில் ஒரு நிபந்தனையை நுழைப்பார்கள்: ஒவ்வொரு முறையும் ஆயுள் குறையும், செத்தவரை எழுப்ப முடியாது, இந்த மாதிரி. வோண்டா மெக்கின்டயரின் ‘டிரீம்ஸ்னேக்’ (1978) என்ற ஆங்கில அறிவியல் புனைவு நாவல் அந்த வம்புக்கே போகவில்லை. இதில் வரும் இளம் வைத்தியச்சி ஸ்னேக் செய்வது பாலைவன மக்களின் கண்ணுக்கு மந்திரம். அவளுக்கு அது தொழில். கருவிகள் மூன்று பாம்புகள்.

மிஸ்ட் வெள்ளை நாகம், சாண்ட் கிலுகிலுப்பைப் பாம்பு. இரண்டும் மரபணு மாற்றப்பட்டவை. உரிய வினையூக்கியைக் கொடுத்தால் நஞ்சுக்குப் பதிலாக மருந்து சுரக்கும். மூன்றாவதான கிராஸ் வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த கனவுப்பாம்பு. அது நோயைக் குணப்படுத்தாது. வலியைத் தணிக்கும், சாகப்போகிறவருக்குப் பயமில்லாத சாவைத் தரும். மூன்றில் கிடைப்பதற்கு அரியது அதுதான், ஏனென்றால் அதை இனப்பெருக்கம் செய்யவைக்க வைத்தியர்களுக்குத் தெரியவில்லை.

முதல் அத்தியாயத்துக்காகவே இந்நாவலைப் படிக்கலாம். ஒரு சிறுவனுக்குக் கட்டி. வினையூக்கி ஏறியதும் நாகத்துக்கு வலிப்பு வருகிறது. அது தன்னையே காயப்படுத்திக்கொள்ளாமல் இருக்க, ஸ்னேக் இரவு முழுக்க அதன் தலைக்குப் பின்னால் பிடித்தபடி போராட வேண்டும். விடிந்த பிறகுதான் மருந்து தயார். அதற்குள் சிறுவனின் துணைக்கு விட்டுவந்த கனவுப்பாம்பை, பயந்துபோன அவன் குடும்பமே கொன்றுவிடுகிறது. நோயாளி பிழைக்கிறான், கருவி போகிறது. அடுத்து வருபவளுக்கு, குதிரையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த ஜெஸ்ஸிக்கு, வலியைத் தணிக்க ஸ்னேக்கிடம் கனவுப்பாம்பு இல்லை. கதை முழுவதையும் நகர்த்துவது இந்தப் பற்றாக்குறைதான்.

உயிரியல் எந்த அளவுக்குத் தேறும்? மெக்கின்டயர் மரபியல் படித்தவர், அது தெரிகிறது. பாம்பு நஞ்சிலிருந்து மருந்து என்பது கற்பனையே அல்ல. 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரத்த அழுத்த மருந்தான காப்டோபிரில், பிரேசிலின் ஜராராகா விரியன் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து பிறந்தது. ஆனால் ஒரே இரவில் சுரப்பி வேறொரு புரதத்துக்கு மாறுவது நம்பும்படி இல்லை. கறந்த நஞ்சு பழைய அளவுக்கு ஊறவே நாட்கணக்கில் ஆகும். அதைவிட இடறுவது, ஆண்கள் உடல் வெப்பத்தை அடக்கியாண்டு கருத்தரிப்பைத் தடுக்கிறார்கள் என்ற பகுதி. வெப்பம் விந்தணு உற்பத்தியைக் குறைக்கும் என்பது உண்மையே. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 70 நாள் ஆகிறது, ஏற்கெனவே உருவானவையும் உள்ளே இருக்கும்; நினைத்த மாத்திரத்தில் பலன் கிடைக்காது. கனவுப்பாம்பு ஏன் பெருகுவதில்லை என்ற புதிர் மட்டும் நேர்மையாகக் கட்டப்பட்டிருக்கிறது. குளிர்நாட்டுப் பாம்புகளை வளர்த்தவர்கள் விடையில் பாதியை முன்பே பிடித்துவிடுவார்கள். மீதிப் பாதியை இங்கே சொல்லப்போவதில்லை.

தையல் தெரியும் இடங்களும் உண்டு. முதல் அத்தியாயம் 1973இல் தனிக் குறுநாவலாக வெளிவந்து, அறிவியல் புனைவுக்கான நெபுலா விருது வாங்கியது. அதன் இறுக்கம் பிறகு இல்லை. நடுவில் ஊர் ஊராகப் பயணம், ஊருக்கொரு நோயாளி. பின்தொடரும் பித்தன் வழக்கமான துரத்தல் கதையிலிருந்து வந்தவன். முதல் அத்தியாயத்தில் அவளுக்கு உதவி, பிறகு அவளைத் தேடிவரும் அரேவின் எப்போதும் சில நாள் தாமதமாகவே வந்து சேருகிறான். இரண்டாம் முறைக்குமேல் அலுப்பு. ஸ்னேக்கை உள்ளே விடாமல் கதவைச் சாத்திக்கொள்ளும் நகரத்தைப் பற்றி எதுவும் தெரியாமலே புத்தகம் முடிகிறது. இத்தனைக்கும் நாவலாக நெபுலா, ஹியூகோ, லோகஸ் விருதுகள் மூன்றையும் வென்றது.

பாதிப் புத்தகத்தில் சலித்தவர்களும் மெலிசா வரும்வரை பொறுத்துப் பார்க்கலாம். முகத்தில் தீத்தழும்போடு குதிரை லாயத்தில் ஒளிந்து வாழும் சிறுமி. அந்தப் பழைய தழும்பை ஸ்னேக்கால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் அவளைத் தன் மகளாக்கிக்கொள்கிறாள்.

தமிழில் கொண்டுவர நினைப்பவர்களுக்கு ஒன்று. ஜெஸ்ஸியின் துணைவர்களில் ஒருவரான மெரிடித் ஆணா பெண்ணா என்று மூலம் கடைசிவரை சொல்வதில்லை. ஆங்கிலத்தில் பிரதிப்பெயரைத் தவிர்த்துத் தவிர்த்து எழுத வேண்டியிருந்தது. நமக்கு ‘அவர் வந்தார்’ போதும். ஆனால் மற்றவர்களுக்கு ‘வந்தான்’, ‘வந்தாள்’ போட்டுவிட்டு மெரிடித்துக்கு மட்டும் ‘வந்தார்’ என்றால் முதல் வரியிலேயே கண்ணில் உறுத்தும். அந்த அத்தியாயத்திலாவது பெரியவர்கள் எல்லோருக்கும் ‘ஆர்’ விகுதியைத்தான் கொடுக்க வேண்டும்.