ஓடிபி வரவே இல்லை, கணக்கு மட்டும் போய்விட்டது

என் மின்னஞ்சலும் ஒரு சமூக வலைத்தளக் கணக்கும் ஒரே ராத்திரியில் கைமாறிவிட்டன. இரண்டிலும் இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருந்தேன். ஆனாலும் ஓடிபி ஒன்றுகூட வரவில்லை. யோசித்துப் பார்த்ததில், சந்தேகம் மூன்று நாள் முன்பு இறக்கிய வீடியோ எடிட்டிங் மென்பொருளின் கிராக்கில், அதாவது காசு கட்டாமல் ஓட்டுவதற்காகப் பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பில் போய் நின்றது.

அந்த ஜிப் கோப்புக்குப் பாஸ்வேர்ட் போட்டு, அதைப் பக்கத்திலேயே எழுதியும் வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் சாவி கொடுத்துவிட்டு எதற்குப் பூட்டு? ஆண்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்காமல் இருக்கத்தான். அது அன்றைக்கு உறைக்கவில்லை. உள்ளே ஒரு குறிப்பு: டிஃபெண்டரை (விண்டோஸோடு வரும் ஆண்டிவைரஸ்) அணைத்துவிட்டு நிறுவவும், கிராக் என்பதால் சும்மா வைரஸ் என்று கத்தும். அணைத்தேன். நாயைக் கட்டிப்போடச் சொன்னதே திருடன்தான், கட்டியது நான்.

நிறுவல் பாதியில் நின்று, பிழையைச் சரிசெய்ய ஒரு பட்டனைக் காட்டியது. அழுத்தினேன். அழுத்தியதும் அது ஒரு கட்டளையைச் சத்தமில்லாமல் நகலெடுத்து வைத்துவிட்டது. பிறகு விண்டோஸ் விசையோடு ஆர் (கட்டளை இடும் ரன் பெட்டி திறக்கும்), கண்ட்ரோல் வி, என்டர் என்றது. எதை ஒட்டுகிறேன் என்றுகூடப் பார்க்கவில்லை. ஒரு கறுப்புத் திரை கண் சிமிட்டும் நேரம் வந்து மறைந்தது, அவ்வளவுதான். பிற்பாடு ரன் பெட்டியின் பழைய பட்டியலைத் திறந்தால் அந்த வரி அப்படியே கிடந்தது: பவர்ஷெல் என்று தொடங்கி, பின்னால் புரியாத எழுத்துக் குவியல். அது பேஸ்64 என்ற குறியீட்டு முறையில், படித்தால் புரியாதபடி உருமாற்றிய கட்டளை. கமாண்ட் பிராம்ப்ட்டோ பவர்ஷெல்லோ கெட்டவை அல்ல, கணினிக்கு எழுத்தில் கட்டளை இடுவதற்கு விண்டோஸிலேயே இருக்கும் கருவிகள். நாம் ஒட்டியதை நாமே இட்ட உத்தரவாக எடுத்துக்கொள்ளும், அதுதான் சிக்கல்.

ஓடிபி ஏன் வரவில்லை? இந்த வகைத் திருட்டு நிரல் பாஸ்வேர்டோடு நிற்பதில்லை, பிரவுசரின் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகிறது. ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்பதற்கான சீட்டு அது. சீட்டு கையில் இருப்பவனிடம் வாசலில் யாரும் ஓடிபி கேட்பதில்லை.

அடுத்து நான் செய்தது அதைவிட மடத்தனம். பதறிப்போய் அதே கணினியில் உட்கார்ந்து எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினேன். புதியவற்றையும் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் திட்டிய பிறகுதான் இணையத்தைத் துண்டித்தேன். போனிலிருந்து எல்லாச் சாதனங்களிலும் வெளியேறு என்பதை முதலில் அழுத்தி, மறுபடி மாற்றினேன். எதையெல்லாம் சோதிக்க வேண்டாம் என்று சொல்லும் டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலைப் பார்த்தால் சி டிரைவ் முழுவதுமே அதில் இருந்தது! நிறுவும்போது நிர்வாகி அனுமதிக்கு 'ஆம்' கொடுத்தவன் நான்தானே. ஸ்கேன் செய்து சுத்தம் என்று வந்தாலும் அதை எப்படி நம்புவது? வேறொரு கணினியில் தயாரித்த யுஎஸ்பி வழியாக டிரைவை முழுதாக அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன்.

இப்போது அன்றாட வேலைக்கு நிர்வாகி அல்லாத கணக்கு. கோப்பின் வால்பெயர் (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் pdf, exe போன்றவை) தெரியும்படி அமைப்பை மாற்றியிருக்கிறேன். பிடிஎஃப் மாதிரி வேஷம் போட்டு வரும் இஎக்ஸ்இ, அதாவது திறந்தால் ஓடும் நிரல், உடனே தெரிந்துவிடும். முக்கியக் கணக்குகளின் பாஸ்வேர்டைப் பிரவுசரில் சேமிப்பதில்லை. ஆணையிடும் வரி எதுவானாலும் முதலில் நோட்பேடில் ஒட்டிப் படிக்கிறேன், புரியாவிட்டால் ஓட்டுவதில்லை.

மின்னஞ்சல் திரும்பிவிட்டது. சமூக வலைத்தளக் கணக்கு இன்னும் வரவில்லை; என் படத்தை வைத்துக்கொண்டு யாரோ கிரிப்டோ முதலீடு என்று எல்லாருக்கும் லிங்க் அனுப்புகிறான். உங்களுக்கும் வந்திருந்தால் தொடாதீர்கள், அது நான் இல்லை.