குண்டுப் பிள்ளைக்கு சைக்கிளா, நீச்சலா?

5 முதல் 17 வயதுவரை தினம் சராசரியா 60 நிமிஷம் மூச்சு வாங்க ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பேச முடியணும், பாட முடியக்கூடாது. இதயத்துக்கு அந்த வேகம் போதும்.

செலவு:
சைக்கிள்: ஒருமுறை வாங்கினால் பிறகு டியூப், பிரேக் கட்டைதான்.
நீச்சல்: மாசக் கட்டணம், ஆட்டோ, கூடவே ஒரு பெரியவர்.

மூட்டு:
நீச்சலே மேல். உடம்புப் பாரத்தைத் தண்ணீர் தாங்கும். சைக்கிளில் முட்டி வலிச்சால் முதலில் சீட்டைப் பாருங்க. பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது முழங்கால் லேசா மடங்கியிருக்கணும். "வளருவாம்லா"ன்னு பெரிய சைக்கிள் வாங்கிக் கொடுக்கிறதுதான் நம்மூர் வழக்கம். எட்டி எட்டி மிதிச்சே முட்டி போகும்.

இதயத்துக்கு வேலை:
சைக்கிளில் முதல் நாளே கிடைக்கும். ஆனி, ஆடியில் மேகாத்துக்கு (மேற்குக் காத்துக்கு) எதிரே மிதிச்சால் கேட்கவே வேண்டாம். நீச்சல் கத்துக்கிற பிள்ளை ஆரம்ப வாரங்களில் பாதி நேரம் கம்பியைப் பிடிச்சு நிக்கும். கரையேறினதும் அகோரப் பசி வேற. 50 கிராம் அல்வா சுமார் 200 கலோரி. நீந்தினது அதிலேயே போச்சு. அவிச்ச பயறு கையில் இருக்கட்டும்.

நீச்சல் கற்க தாமிரபரணி ஆறு வேண்டாம். மணல் எடுத்த பள்ளம் மேலே தெரியாது.

முட்டி வலியோ ரொம்பவே அதிக எடையோ இருந்தால் நீச்சல், மற்றவங்களுக்கு சைக்கிள். நெஞ்சுவலி, மயக்கம் வந்த பிள்ளைன்னா முதலில் டாக்டர். அங்கே பிரஷர் பார்க்கையில் குண்டுக் கைக்குக் கைப்பட்டை சின்னதா இருந்தால் அளவு கூடுதலாத்தான் காட்டும்.