சுவரில் ஒரு திசோனா: அலங்கார வாள்களோடு சில வருட அனுபவம்

ஸ்பெயினின் தொலேதோ நகரில் பழைய ஊருக்குள் நடந்தால் கடைக்குக் கடை வாள்தான். ஆர்தர் மன்னரின் எக்ஸ்காலிபர், சார்லமேனின் ஜுவாயூஸ், இடைக்கால ஸ்பானிய வீரர் எல் சித்தின் திசோனா எனப் பெயர்பெற்ற வீரர்களின் வாள்கள் அலங்காரப் பிரதிகளாக வரிசையில் நிற்கும். நான் அங்கே வாங்கியது திசோனா. பிறகு எக்ஸ்காலிபர் ஒன்றும் சேர்ந்தது. இரண்டும் சில வருடங்களாக வீட்டுச் சுவரில் இருக்கின்றன. வாங்க நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, கைப்பிடியை நன்றாகப் பாருங்கள் என்பதுதான்.

அலகைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. இந்த வகை வாள்களில் அது பெரும்பாலும் 420 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நான் இருப்பது கடலோர ஊர்; அந்த ஈரக்காற்றிலும் பளபளப்பு குறையவில்லை. தொட்டுப் பார்த்தால் மட்டும் உடனே துடைத்துவிட வேண்டும். வியர்வை உப்பு தங்கினால் ஸ்டெயின்லெஸ்ஸிலும் புள்ளி விழும். தோல் உறை இருந்தால் தனியாக வையுங்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

வயது தெரிவது கைப்பிடியில்தான். விலை குறைந்தவற்றில் குறுக்குக் காப்பும் (கையைக் காக்கும் குறுக்குப் பட்டை) குமிழும் (கைப்பிடியின் கடைசி முனையில் உள்ள குண்டு) துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து, மேலே பொன்னிற முலாம் பூசியவை. என் எக்ஸ்காலிபரில் விளிம்புகளில் முலாம் தேய்ந்து சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கிறது. பித்தளைப் பாலிஷ் பக்கமே போகக்கூடாது. அது தேய்த்து எடுக்கும் வகை, மிச்சமுள்ள முலாமையும் கொண்டுபோய்விடும். உலர்ந்த மென்துணி போதும். திசோனா விலை கூடுதல். அதன் வார்ப்பு கூர்மையானது, முலாமும் தடிப்பு. இன்றும் அழகாகவே இருக்கிறது.

அப்புறம், தயவுசெய்து வீசிப் பார்க்காதீர்கள். பல அலங்கார வாள்களில் அலகு கைப்பிடிக்குள் முழுதாகப் போவதில்லை. அடியில் ஒரு மெல்லிய திருகுக் கம்பியைப் பற்றவைத்துக் குமிழில் முடுக்கியிருப்பார்கள். வேகமாக வீசினால் பற்றவைப்பு விட்டு அலகு தனியே பறக்கும். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள். பக்கத்தில் நின்று பிடித்துப் பார்க்க விடுவேன், அவ்வளவுதான். குமிழ் தளர்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக் கையாலேயே இறுக்கிக்கொள்ளலாம்.

இத்தனை நாளாகியும் திசோனா எனக்கு அலுக்காததற்குக் காரணம் அதன் கதை. அசல் என்று போற்றப்படும் வாள் ஸ்பெயினின் புர்கோஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2007இல் காஸ்தீல்-லியோன் மாநில அரசு அதைப் பெரும் விலை கொடுத்து வாங்கியது. ‘நான் திசோனா, ஆயிரத்து நாற்பதாம் ஆண்டில் செய்யப்பட்டேன்’ என்று அதன் அலகில் பொறித்த எழுத்து பேசுகிறது. அன்றைய ஸ்பானியக் கணக்கு நம் கணக்கைவிட 38 வருடம் கூடுதலாக ஓடும்; அதனால் அது 1002. சித் இறந்தது 1099இல், வலென்சியாவில். ஆனால் அந்த வாளின் கைப்பிடி சில நூற்றாண்டுகள் பிந்தியது, ஸ்பெயினை ஆண்ட ஃபெர்டினாண்ட்-இசபெல்லா தம்பதி காலத்து வேலைப்பாடு. அதை அப்படியே பின்பற்றும் பிரதிகளில் நாம் ரசிக்கும் வளைந்த காப்பு, சித்தின் கை பட்டதல்ல. கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. வாங்குபவருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

சித்தைப் பற்றிய பழைய ஸ்பானியக் காவியத்தில் அவர் தன் மருமகன்களுக்கு திசோனாவையும், தன் இன்னொரு வாளான கொலாதாவையும் பரிசளிக்கிறார். அவர்களோ அவருடைய மகள்களை அடித்துக் காட்டில் விட்டுப் போகிறார்கள். அரசவையில் சித் முதலில் கேட்பது அந்த இரண்டு வாள்களைத்தான். அந்த அவை கூடியது இதே தொலேதோவில். பிறகு நடக்கும் சண்டையில் எதிராளியின் கையில் திசோனாவைக் கண்டதுமே ஒரு மருமகன், அடி விழும் முன்பே, தோற்றேன் என்கிறான். விருந்தினர்களுக்கு நான் இதைச் சொல்லாத நாளில்லை.

அடுத்து கொலாதா வாங்க எண்ணம். காப்பும் குமிழும் எஃகில் செய்ததாகக் கிடைக்கும்வரை காத்திருப்பேன்.