முதலில் காதா, நோட்ஸா?

தமிழில் புத்தகத்தையும் வாசிக்கிறோம், பியானோவையும் வாசிக்கிறோம். பியானோ கற்கும் குழந்தை முதலில் காதால் கேட்டு வாசிக்க வேண்டுமா, நோட்ஸை, அதாவது தாளில் எழுதிய இசைக்குறிகளைப் படித்து வாசிக்க வேண்டுமா என்பதில் பியானோ ஆசிரியர்கள் இரண்டு கட்சி.

காது கட்சியின் தலைவர் ஷினிச்சி சுசுகி (1898–1998), ஜப்பானிய வயலின் கலைஞர். எழுத்துத் தெரியாத குழந்தை தாய்மொழியைப் பேசிவிடுகிறதே, இசை மட்டும் ஏன் எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது அவர் வாதம். வயலினுக்கு அவர் வகுத்த முறை பிறகு பியானோவுக்கும் வந்தது. குழந்தை தினமும் பதிவைக் கேட்கும். காதில் ஏறியதைக் கட்டைகளில் தேடும். பெற்றோரில் ஒருவர் வகுப்பிலேயே உட்கார்ந்து கவனித்து, வீட்டில் பயிற்சி கொடுக்க வேண்டும். அதற்கு ஆளில்லாத வீட்டில் இந்த முறை நொண்டும்.

நோட்ஸ் கட்சியில் பெரும்பாலும் இரண்டு கட்டைவிரலையும் நடு சி-யில் (பியானோவின் நடுவில் இருக்கும் 'சி' சுரக் கட்டை) வைத்துத் தொடங்குவார்கள். ஐந்து வயதுக் குழந்தையின் கண் தாளுக்குப் போகும், விரலுக்கு வரும், திரும்பத் தாளுக்குப் போகும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரிதான், மெட்டு உடைந்துவிடும். ஆனால் எட்டு, ஒன்பது வயதில் இந்தப் பிள்ளை புதுப் பாடத்தைத் தானே பிரித்து உட்கார்ந்துவிடும்.

காது முறையில் வந்த ஏழு வயது மாணவி ஒருத்தி ஜி மேஜர் மினுவெட் என்ற நடன இசைத் துண்டை அழகாக வாசித்தாள். (பாக் எழுதியது என்று வெகுகாலம் நம்பப்பட்ட, உண்மையில் பெட்ஸோல்ட் எழுதிய அதே மினுவெட்.) நடுவில் பக்கத்தை மாற்றி வைத்தேன். அவள் கவனிக்கவே இல்லை. சரி, 21-ஆம் மெஷரிலிருந்து (தாளில் கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டம்தான் மெஷர்) வாசி என்றேன். முதலிலிருந்து ஓடி வந்துதான் அந்த இடத்தைப் பிடித்தாள்.

என் கட்சி? ஆறு வயதுக்குள் காது. ஆனால் பாட்டு ஒரு பக்கத்தைத் தாண்டும் முன் நோட்ஸ் வந்துவிட வேண்டும். தாமதித்தால் விரல் எங்கோ போயிருக்கும், கண் படிக்கக்கூடியதெல்லாம் 'பாப்பா பாட்டு' என்று குழந்தைக்கு அலுத்துவிடும். எட்டு வயதுக்கு மேல் வருபவர்களுக்கு நோட்ஸே முதல். வாசிக்கும் முன் பாடிப் பார்க்கச் சொன்னால் போதும். ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் நேரடித் தேர்விலும் 150 மதிப்பெண்ணில் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பதற்கு 21, கேட்டறியும் திறனுக்கு 18. எதையும் விட முடியாது.

அந்த மாணவிக்கு இப்போது தினம் நாலு மெஷர், அவள் கேட்டேயிராத மெட்டு. "ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க மிஸ்" என்பாள். நான் மாட்டேன்.