6.2 என்று சொல்லி 5.3 விற்றார்கள்

புது எஞ்சின் பொருத்திய பழைய பியூக் ரிவியெரா என்ற அமெரிக்கக் கார் ஒன்றை விளம்பரத்தில் பார்த்து மனம் தடுமாறிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 58,000 டாலரை அனுப்பிய பிறகுதான் கேள்வி கேட்கத் தொடங்கினேன்.

1963 முதல் 1965 வரை வந்த முதல் தலைமுறை ரிவியெரா மீது எனக்குப் பல வருட மயக்கம். அதிலும் 1965 மாடலில் முகப்பு விளக்குகள் வெளியே தெரியாது. இரு ஓரங்களிலும் உள்ள கிரில் கதவுகள் சிப்பி வாய் திறப்பதுபோல் மேலும் கீழும் பிரிய, உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு விளக்குகள் இருக்கும். அதைப் பார்ப்பதற்கென்றே இருட்டும்வரை காத்திருக்கலாம். அந்தக் காலத்து 401 கன அங்குல எஞ்சினும் அருமையானதுதான். ஆனால் நான் வேண்டியது அலுவலகத்துக்கும் ஓட்டிப் போகக்கூடிய கார். அதனால்தான் உடம்பு பழையது, உயிர் புதியது என்கிற ரெஸ்டோமாட் வகையைத் தேடினேன்.

நான் இருப்பது டெட்ராய்ட் புறநகரில். ரிவியெரா பிறந்த ஃபிளின்ட் இங்கிருந்து ஒரு மணி நேரம். ஆனால் மிச்சிகனில் குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு பழைய கார்களைத் தின்றுவிடும் என்பதால் அரிசோனாவில் ஒரு விற்பனைக்கூடத்தைப் பிடித்தேன். விளம்பரத்தில் இருந்தது: ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ்.3 எஞ்சின், 6.2 லிட்டர், 430 குதிரைத்திறன், 4எல்80இ கியர்பெட்டி. வீடியோவும் அனுப்பினார்கள். பானட்டைத் திறந்தால் பளபளக்கும் மூடி, அதன்மேல் 6.2 என்று பொறித்திருந்தது. "ஆள் வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்" என்றார் விற்பனையாளர். அடுத்த மூச்சிலேயே, வேறொருவர் முன்பணத்துடன் தயாராக இருக்கிறார், நாளை மாலை வரைதான் உங்களுக்காக நிறுத்திவைக்க முடியும் என்றார். நானும் அனுப்பிவிட்டேன்.

வண்டி வந்த நாளிலிருந்து லேசான பெட்ரோல் வாடை. "என்னங்க, இது சரியாகப் படவில்லை" என்றாள் மனைவி. பழைய கார் என்றால் அப்படித்தான் என்று அவள் வாயை அடைத்தேன். ஆகஸ்டில் டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் ஊர்ந்து செல்லும் அந்த நாளில், இருபது நிமிடத்தில் வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டி, பானட்டைத் திறந்துவைத்து, போகிறவர்களின் அனுதாபத்தை வாங்கிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் தெரிந்த மெக்கானிக் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மூடியைக் கழற்றினார், இன்டேக் (எஞ்சினுக்குள் காற்று போகும் பகுதி) பொருந்தும் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு கேட்டார்: "வீட்டில் காந்தம் இருக்கிறதா?" மகன் ஓடிப்போய் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த மதுரைக் கோபுரக் காந்தத்தை எடுத்து வந்தான். அவர் அதை எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் வைத்தார். டக் என்று ஒட்டிக்கொண்டது.

எல்.எஸ்.3 பிளாக் அலுமினியம். காந்தம் ஒட்டாது. அதன் இன்டேக் துளைகள் செவ்வகமாக இருக்கும். என் வண்டியில் இருந்தவை தேவாலயச் சன்னல்போல் உயரமாக, ஒடுங்கி இருந்தன. பிளாக்கின் பின்புறம் அழுக்கைத் துடைத்ததும் வார்ப்பிலேயே 5.3 தெரிந்தது. பிக்கப் லாரியில் வரும் இரும்பு எஞ்சின். இந்த வகையில் பெரும்பாலானவை 300 குதிரைத்திறனைத் தொடாது. கெட்ட எஞ்சின் என்று சொல்லமாட்டேன், ஆனால் பழைய வண்டி உடைக்கும் இடங்களில் மலிவாகக் கிடைப்பது. அப்புறம் அடியில் படுத்து கியர்பெட்டித் தட்டின் போல்ட்டுகளை எண்ணினார். பதினாறு. 4எல்80இ என்றால் பதினேழு இருக்கவேண்டும். இருந்தது அதைவிட நோஞ்சானான 4எல்60இ.

இதுவரை ஏமாற்று. இனிமேல் வருவதுதான் என்னைத் தூங்கவிடாதது. கார்புரேட்டருக்கு ஐந்தாறு பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் பெட்ரோல் போனால் போதும். இந்த எஞ்சினின் இன்ஜெக்‌ஷனுக்கு 58 வேண்டும். அதை கார்புரேட்டர் காலத்து ரப்பர் குழாயில், சாதாரண கிளாம்ப் போட்டு, சைலன்சர் குழாய்க்கு ஒரு சாண் தூரத்தில் ஓட்டியிருந்தார்கள். கிளாம்ப் அருகே குழாய் ஈரமாக இருந்தது. பின்னிருக்கையில் குழந்தைகளை வைத்து நான் ஓட்டிய கார் அது. சூடானதற்குக் காரணமும் அதே அலட்சியம்: சிலிண்டர் ஹெட்டிலிருந்து நீராவியை ரேடியேட்டருக்கு வெளியேற்றவேண்டிய சிறு குழாயை இணைக்காமல் அடைத்துவிட்டிருந்தார்கள்.

பிரேக் விஷயத்தில் மட்டும் அவர்கள் பொய் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. பெரும்பாலான அமெரிக்கக் கார்களுக்கு 1967 மாடலிலிருந்துதான் இரட்டைச் சுற்று பிரேக் வந்தது. என்னுடையதில் பழைய ஒற்றை மாஸ்டர் சிலிண்டரே இருந்தது. ஒரு குழாய் வெடித்தால் 1,800 கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் பிரேக் கிடையாது.

தொலைபேசியில் கேட்டபோது அந்த விற்பனையாளர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "ரசீதைப் படியுங்கள்" என்றார். ரசீதில் எல்.எஸ். வகை வி8 என்று மட்டும் இருந்தது, 3 இல்லை. என் 5.3-உம் அந்த வகைதான். கீழே, உள்ளது உள்ளபடியே வாங்குகிறேன் என்று என் கையெழுத்து. விளம்பரத்தைத் தேடினால் அதற்குள் நீக்கிவிட்டார்கள். நல்லவேளையாக, வாங்கும் முன் பெருமைக்காக கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணனுக்கு அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். எல்.எஸ்.3, 6.2, 430 எல்லாம் தேதியோடு அதில் இருக்கின்றன. அதை வைத்து அரிசோனா மாநிலத் தலைமை வழக்கறிஞரின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன், இங்கே ஒரு வழக்கறிஞரையும் பார்த்துவிட்டேன்.

பெட்ரோல் குழாய், பிரேக், நீராவிக் குழாய் மூன்றையும் சரிசெய்ய இதுவரை 6,400 டாலர் ஆகியிருக்கிறது. எஞ்சினை மாற்றவில்லை, மெக்கானிக்கும் வேண்டாம் என்கிறார். வண்டி கராஜில் நிற்கிறது. கோபுரக் காந்தம் இன்னும் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, எடுக்க மனமில்லை.